கழற்றக் கூடாத பெல்ட்

தேன்கரட்டில் ஒச்சப்பனின் கார் கீச்சிட ஆரம்பித்தது ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில்தான் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது, ஏனென்றால் அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் சவுந்தரம் அக்காவின் டீக்கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, பள்ளிக்கூடத்துப் பலாமரத்திலிருந்த குரங்குகள் குட்டிகளை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு இறங்கி ஓடின, ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் எவனோ ஒரு பாவி பச்சைப் பிள்ளையைப் போட்டு அடிக்கிறான் என்று தூக்குவாளியும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் அடிபடுகிற பிள்ளை எதுவும் இல்லை. முந்தின நாள் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்க வெள்ளைக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது, அதற்குள் தலையை விட்டபடி ஒச்சப்பன் நின்றான்.

மலைமேல் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு கார்தான். காலையிலும் சாயங்காலமும் ஒரு மினி பஸ் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்ற நேரத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாரைப் பாம்பு தீண்டினாலும், பெண் பார்க்கப் போனாலும், பிறகு அதே பெண் வீட்டாரோடு சண்டைக்குப் போனாலும் ஒச்சப்பனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் பெரிய வீரன் எல்லாம் இல்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுவான், அதனால்தான் அந்த வளைவுகளில் அவ்வளவு நன்றாக ஓட்டினான். அந்தக் காருக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. எனவே வண்டியை எங்கே நிறுத்தினாலும் முதல் வேலையாக சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிடுவான். சமதரையில் நிறுத்தினாலும் கட்டை வைப்பான், தன் வீட்டு வாசலில் நிறுத்தினாலும் கட்டை வைப்பான், அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

அவனுக்கும் அவன் மனைவி தவமணிக்கும் ஒரே மகள், செவ்வந்தி. நாலாம் வகுப்பு படித்தாள். வாய் ஓயாத பிள்ளை. ஆட்டோடு பேசுவாள், ஆட்டுக்குப் பதிலாகவும் அவளே பேசுவாள், தூக்கத்தில் பேசியதைக் காலையில் எழுந்து திருத்திச் சொல்வாள், அவள் பேச்சைத் தாங்கமாட்டாமல் அவர்கள் வீட்டுக் கோழிகள் பக்கத்து வீட்டில் போய் முட்டையிடுகின்றன என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆயுத பூசைக்கு ஒச்சப்பன் காரைக் கழுவி நிறுத்தியதும் அவள்தான் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து விளக்குக்கும் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, "வெளிய இருக்கிறதுக்கெல்லாம் வச்சாச்சு, உள்ள கெடந்து வேலை பாக்குறதுக்கெல்லாம் யாருப்பா பொட்டு வைப்பா?" என்று கேட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னாள். பேட்டரிக்கு வைத்தாள், ரேடியேட்டருக்கு வைத்தாள், கடைசியாக மின்விசிறியையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றுகிற கறுப்பு பெல்ட்டைப் பார்த்ததும், "பாவம், நீதான சும்மா சுத்திக்கிட்டே இருக்க," என்று அதன் காதில் சொல்வதைப் போலக் குனிந்து வெகுநேரம் என்னென்னவோ பேசி, விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அதன்மேல் அப்பினாள்.

ஆகவே, கீச்சுச் சத்தம் வந்ததும் எல்லோரும் சந்தனத்தைத்தான் சொன்னோம். ஒச்சப்பன் ஈரத்துணி போட்டுத் துடைத்தான். சத்தம் போகவில்லை. பனிக்கு ரப்பர் இறுகியிருக்கும் என்று ஒருவர் சொல்ல, வெந்நீர் ஊற்றினான். சோப்புக்கட்டியைத் தேய்த்தால் அடங்கும் என்று இன்னொருவர் சொல்ல, தேய்த்தான். ஒரு டீ குடிக்கிற நேரம் அடங்கியிருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. பெல்ட் வாங்கியே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அதனால் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. எலி புகுந்திருக்கும், கண்ணேறு பட்டிருக்கும், பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னோம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதிகமாகச் சொன்னோம்.

வெறும் இரும்பு உரசுகிற சத்தமாக இருந்திருந்தால் சீக்கிரமே மறந்திருப்போம். இது அப்படியில்லை. ஏற்றத்தில் ஒரு மாதிரியும் இறக்கத்தில் வேறு மாதிரியும் வந்தது. சில வளைவுகளில் கேள்வி கேட்பதைப் போல மேலே போய் நின்றது. யாரோ ஒரு பிள்ளை எதையோ சொல்ல வந்து, சொல் கிடைக்காமல் கத்துவதைப் போலவே இருந்தது. காரில் ஏறியவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், தாய்மார்கள் மடியிலிருந்த குழந்தையின் காதைப் பொத்தினார்கள், பேசிக்கொண்டே ஏறுகிற ஆண்கள் அடிவாரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் பயம்தான். எதற்கு என்று சொல்லத்தான் தெரியவில்லை.

கடைசியில் ஒச்சப்பன் வண்டியை அடிவாரத்துக்குக் கொண்டுபோய் ஜமால் பாயின் ஒர்க் ஷாப்பில் விட்டான். ஜமால் பாய் அவசரப்படாத மெக்கானிக். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து அதன் முனையை ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து, கைப்பிடியைத் தன் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். உள்ளே எது முனகுகிறது என்பது அந்தக் கம்பி வழியாக அவர் காதுக்கு வந்துவிடும். டைனமோவில் வைத்தார், வாட்டர் பம்பில் வைத்தார், மின்விசிறித் தண்டில் வைத்தார். பேரிங்கை மாற்றினார், பம்பை மாற்றினார், டைனமோவையே கழற்றி வேறு ஒன்றை மாட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றை மாற்றியபோதும் சத்தம் இன்னும் தெளிவானதே தவிரக் குறையவில்லை. பிறகு பெல்ட் ஓடுகிற சக்கரத்தின் பக்கத்தில் கம்பியை வைத்துக் கேட்டவர், வெகுநேரம் எடுக்கவே இல்லை, முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"என்னா பாய்? என்னா கேக்குது?" என்றான் ஒச்சப்பன்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றார் பாய், கம்பியைத் துடைத்தபடி. "பெல்ட்டுதான். புதுசா இருந்தாலும் சிலது அப்பிடி அமைஞ்சுரும். கழட்டிப் போட்ருவோம்."

கழற்றினார். வேறு பெல்ட்டை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பூனையைப் போலச் சன்னமாக ஓடியது. மத்தியான வெயிலில் ஒச்சப்பன் வண்டியை மலை ஏற்றியபோது அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் பாட்டுக்கூடப் பாடினான் என்று வழியில் ஆடு மேய்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் தவமணி மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, கண்கள் நன்றாகத் திறந்திருந்தன, வாயும் அசைந்தது. சத்தம்தான் வரவில்லை.

"சாப்ட உக்காந்தா. 'அம்மா, இன்னுங் கொஞ்சம்'னு ஆரம்பிச்சா. அதோட நின்னுபோச்சு," என்றாள் தவமணி.

இரண்டு பேரும் மறுநாள் பிள்ளையை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையைத் தடவிப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதையாவது கண்டு பயந்திருப்பாள், தானே சரியாகிவிடும் என்றார். திரும்பி மலை ஏறும்போது தண்ணிப்பாறை வளைவு வந்தது. பாறையிலிருந்து எந்தக் கோடையிலும் தண்ணீர் ஒழுகும் இடம் அது. ஏறுகிற வண்டி இறங்குகிற வண்டி எல்லாமே அங்கே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் போகும். அங்கே வைத்துத்தான் தவமணி தலையை நிமிர்த்தினாள்.

"என்னங்க, வண்டிச் சத்தத்தக் காணோம்?"

"பாய் பெல்ட்ட மாத்திட்டாருல்ல."

"எப்ப மாத்துனாரு?"

"நேத்து. மத்தியானச் சோத்து நேரத்துக்கு." சொல்லிவிட்டு ஒச்சப்பன் பிரேக்கை மிதித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பயந்தவன் செய்யாத காரியத்தை அவன் அன்றைக்குச் செய்தான். எந்த டிரைவரும் வண்டியைத் திருப்பத் துணியாத அந்த வளைவிலேயே, பின்சக்கரம் பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க, வண்டியைத் திருப்பிக் கீழே விட்டான்.

பழைய பெல்ட் ஒர்க் ஷாப்பில் இல்லை. சைக்கிளில் கேனைக் கட்டுவதற்கென்று ஒரு பால்காரர் கேட்டாராம், பாய் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். விஷயத்தைக் கேட்டதும் பாய் "யா அல்லா" என்று தலையில் கைவைத்தவர், கையில் அப்பியிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் காரில் ஏறிக்கொண்டார். தெருத் தெருவாகத் தேடினார்கள். வெட்டி எறிந்திருப்பாரோ, அடுப்பில் போட்டிருப்பாரோ என்று ஒச்சப்பன் புலம்பிக்கொண்டே ஓட்டினான். கடைசியில் சந்தைக்குப் பின்னால் பால்காரரே எதிரில் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் காரை நிறுத்தி, "இந்தப் பெல்ட்டு ஒங்களுதா? எடுத்துட்டுப் போயிருங்கய்யா. கட்டுனதுலருந்து சைக்கிளு அழுதுக்கிட்டே வருது," என்று அவிழ்த்துக் கொடுத்தார்.

சந்தைக்கு வந்திருந்தவர்கள் சுற்றி நிற்க, நடுத்தெருவில் வைத்தே பாய் அதை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் கீச்சென்று அந்தச் சத்தம் வந்து தெருவே காதைப் பொத்திக்கொண்டபோது, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி ஒன்றுமே நடக்காதவளைப் போல, "ரசம் ஊத்தும்மா," என்று முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து முடித்தாள்.

எங்கள் ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமில்லை, பயப்படத்தான் நேரம் இருந்தது. ஒச்சப்பன் முதலில் காரை ஓட்டவே மாட்டேன் என்று தார்ப்பாய் போட்டு மூடினான். ஓடாமல் கிடந்த அன்று சாயங்காலமே பிள்ளையின் குரல் மெலிந்து, மறுநாள் காலையில் வெறும் காற்றானது. ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்துப் போட்டு வண்டியைக் கிளப்பிய பிறகுதான் குரல் வந்தது. ஆக, ஓட்டாமல் இருக்கவும் முடியாது. ஓட்டினாலோ பெல்ட் தேயும். வேறொரு பெல்ட்டில் செவ்வந்தி கையாலேயே சந்தனப் பொட்டு வைக்கச் சொல்லி மாட்டிப் பார்த்தார்கள்; வண்டி சத்தமில்லாமல் ஓடியது, பிள்ளை சத்தமில்லாமல் நின்றாள்; பழையதை மறுபடி மாட்டி முடிப்பதற்குள் தவமணிக்கு மயக்கமே வந்துவிட்டது.

"எம்புட்டு நாளைக்குத் தாங்கும் பாய்?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

"ரப்பர் தம்பி," என்றார் ஜமால் பாய்.

அன்றிலிருந்து காலையில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு விடிந்தது. சவுந்தரம் அக்கா அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். முன்பு காதைப் பொத்தியவர்கள் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு படுக்கையில் காத்துக்கிடந்தார்கள். ஒரு நாள் அது கொஞ்சம் தாமதித்தாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஒச்சப்பன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். யாரும் காரைக் கூப்பிடுவதில்லை. கால்வலிக்காரர்கள் நடந்தே மலையிறங்கினார்கள், மாசமாக இருந்த பெண்கள் முன்கூட்டியே மினி பஸ்ஸில் போய் அடிவாரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள், பாம்புகள்கூட அந்த வருடம் எங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டன. குலசாமிக்கு நேர்ந்துகொண்டோம். எங்கள் பிள்ளைக்கு ஒன்று என்றால் எப்படிப் பதறுவோமோ அப்படித்தான் பதறினோம்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடத்து விழாவில் செவ்வந்தி மேடையேறி ஒரு நீளமான பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள், எல்லோரும் கைதட்டினோம், மறுநாள் பெல்ட்டைப் பார்க்க வந்த ஜமால் பாய் அதில் புதிதாக ஒரு வெடிப்பு இருப்பதாகச் சொன்னார். வண்டி ஓடுவதால் மட்டும் அது தேயவில்லை, பிள்ளை பேசுவதாலும் தேய்கிறது என்று யார் முதலில் சொன்னது என்று தெரியாது. சொன்ன உடனே எல்லோருக்கும் அது முன்பே தெரிந்த விஷயம் போலத் தோன்றியது.

"பேசாத கண்ணு, தேஞ்சிரும்," என்றாள் சவுந்தரம் அக்கா, செவ்வந்தி கையில் ஒரு வடையைக் கொடுத்து. பள்ளிக்கூடத்து டீச்சர் அவளை வாசிக்கச் சொல்வதில்லை, தெரியும் என்றால் தலையாட்டு போதும் என்றார். குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்கள், கூட விளையாடுகிற பிள்ளைகள் அவளோடு சத்தமில்லாத விளையாட்டுகளாகப் பார்த்து விளையாடினார்கள், ஆடுகளைக்கூட அவள் கண்ணில் படாமல் வேறு பக்கம் ஓட்டினோம். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒச்சப்பனின் முகம் பெல்ட் அறுந்ததைப் போல ஆகிவிடும். "வேணாம் தாயி. வச்சுக்க. பெரியவளானப்புறம் பேசலாம்," என்பான். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், தண்ணீருக்குக் கட்டைவிரலைக் காட்டினாள், சிரிப்பு வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கோழிகள் தங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து முட்டையிட்டன.

மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒச்சப்பனிடம் தவமணி சொன்னாள்: "அவ கொரலு எப்பிடி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுங்க. எதுக்கு அத இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கோம்?"

"இல்லாமப் போயிருச்சுன்னா என்னா செய்வ?"

"இப்ப மட்டும் இருக்கா?" என்றாள் தவமணி. அவன் கையைக் கழுவிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பெல்ட்டைப் பார்க்கப் போனான்.

அப்படியே ஒரு வருடம் சுற்றி வந்து மறுபடி ஆயுத பூசை வந்தது. பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க அடிவாரத்துக்குப் போகவேண்டும், எப்படியும் அன்றைக்கு வண்டி ஓடியாக வேண்டும் என்பதால் ஒச்சப்பன் காரிலேயே கிளம்பினான்; செவ்வந்தியும் வருகிறேன் என்று சைகை காட்டி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தண்ணிப்பாறை வளைவை நெருங்கும்போது கீச்சுச் சத்தம் மாறியது. ஒரே இழுப்பாக வந்துகொண்டிருந்தது விட்டுவிட்டு வந்தது, மூச்சு வாங்குவதைப் போல இழுத்தது. ஒச்சப்பன் பாறையை ஒட்டி வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மகளை எதிர்ப்பக்கத்தில் பள்ளத்தின் ஓரமாக இருந்த குட்டைச் சுவரில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் பானெட்டைத் திறந்தான். பெல்ட்டின் குறுக்கே ஒரு வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு நூல்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது. எஞ்சின் கொதித்தது. தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் வீடுவரைக்காவது தாங்கும் என்று நினைத்தானோ என்னவோ, கேனை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால், இறக்கத்தில், தண்ணீர் ஒழுகுகிற இடத்துக்கு ஓடினான்.

வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான் அவன் கட்டை வைக்க மறந்தான்.

சுவரில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி சக்கரம் அசைவதைப் பார்த்தாள். முதலில் ஒரு கூழாங்கல் அளவுக்குத்தான் நகர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. எஞ்சின் அணைந்திருந்ததால் வண்டி சத்தமே இல்லாமல் வந்தது, அவளுடைய அப்பா பாறைப் பக்கம் முகத்தை வைத்து, கேனில் விழுகிற தண்ணீரின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காமல், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் கை பழக்கத்தில் வாயைத்தான் பொத்தியது. ஊர் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அதைத்தானே. கத்தினால் அந்த நூல் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், அறுந்தால் அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்றும் தெரியும், அந்த முகத்துக்குத்தான் அவள் உலகத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தாள். வண்டி அவரைத் தொடப்போன நேரத்தில் அவள் கையை எடுத்தாள்.

"அப்பா!"

அந்த ஒரு சத்தத்தை மேலே தேன்கரட்டிலும் கேட்டோம், அடிவாரத்துச் சந்தையிலும் கேட்டார்கள். ஓடாத எஞ்சினில் பெல்ட் தானாகக் கீச்சிட்டது, பிறகு பட்டென்று அறுந்தது. ஒச்சப்பன் திரும்பாமலேயே ஒரு பக்கமாகப் பாய்ந்தான். அவன் நின்ற இடத்தில் கேனை நசுக்கிக்கொண்டு கார் பாறையில் முட்டி நின்றது. எழுந்தவன் முதலில் ஓடியது மகளிடம் அல்ல. ரோட்டில் துள்ளி விழுந்து கிடந்த பெல்ட்டிடம்தான் ஓடினான், சுடச்சுட அதை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்குச் சுவரின் நினைவு வந்தது. செவ்வந்தி அங்கேயே நின்றாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது, இன்னும் ஏதோ சொல்ல வேண்டியது பாக்கி இருப்பதைப் போல. காற்றுதான் வந்தது.

வேறு பெல்ட் மாட்டினார்கள், வண்டி சன்னமாக ஓடியது, மறுநாள் காலையில் எங்கள் ஊர் விடிந்ததே தெரியாமல் வெகுநேரம் படுத்துக்கிடந்தது. அவளைக் கண்டு உதட்டில் விரல் வைத்த ஒவ்வொருவரும் ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். வடையோடு வந்த சவுந்தரம் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கு ஆறுதல் சொன்னது தவமணிதான். "எதுக்கு அழுகுறீக? அவ பேச்ச எதுக்குச் சேத்து வச்சிருந்தாளோ அதுக்குச் செலவழிச்சுட்டா," என்றாள். ஒச்சப்பன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான், மகள் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டபோது பயத்தில் சுருங்கிக்கொண்டான்.

இதற்குப் பிறகு அடிவாரத்தில் ஜமால் பாயின் ஒர்க் ஷாப் வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. மினி பஸ் வந்தது, தோட்டத்து ஜீப் வந்தது, மலையைச் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் புத்தம்புதுக் கார்கள் வந்தன. எல்லா டிரைவர்களுக்கும் ஒரே புகார்தான்: வண்டி கீச்சிடுகிறது, தண்ணிப்பாறை வளைவில் மட்டும் கீச்சிடுகிறது, தாண்டிவிட்டால் இல்லை. பாய் பெல்ட்களைப் பார்த்தார், பேரிங்குகளைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. பிறகு மினி பஸ்ஸில் ஏறிக்கொண்டு அந்த வளைவுக்கே வந்து இறங்கினார். பஸ் போனபிறகு, தண்ணீர் ஒழுகுகிற பாறையின்மேல் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஈரத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார். அப்படியே தேன்கரட்டுக்கு நடந்தே ஏறி வந்து ஒச்சப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

"வண்டில ஒண்ணுமில்ல தம்பி, கோளாறு ரோட்டுல இருக்கு," என்றார், மூச்சு வாங்க. "புள்ளயக் கூட்டிக்கிட்டு வா."

எங்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் பின்னால் போனோம். ஒச்சப்பன் காரை மெதுவாக இறக்கினான். வளைவு வந்ததும் வண்டி கீச்சிட்டது, அவன் சட்டென்று பிரேக்கை மிதித்ததில் எஞ்சின் அணைந்துவிட்டது, கதவைத் திறந்துகொண்டு செவ்வந்தி இறங்கி அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"கட்ட வைக்க மறந்துட்டீங்கப்பா," என்றாள் அவள்.

விட்ட இடத்திலிருந்து முடித்தாள். அது அவளுடைய குரல்தான், கொஞ்சம் கீச்சென்று. ஒச்சப்பன் காரைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், உண்மையாகவே அன்றும் மறந்திருந்தான். சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை இழுத்துக்கொண்டு ஓடி முட்டுக் கொடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அந்த வளைவில் மட்டும்தான் அவளுக்குக் குரல். இரண்டு பக்கமும் பாதை நேரானதும் போய்விடும். இப்போது சாயங்காலமானால் எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறோம். சவுந்தரம் அக்கா கடையையே அங்கே இறக்கிவிட்டாள், மினி பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு செவ்வந்தி சொல்கிற கதை ஒரு இடத்துக்கு வரும்வரை நிறுத்துகிறார், பயணிகளும் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் அந்த வளைவின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தில் சரிகிறது. பாறைக்கு வெடி வைத்துப் பாதையை அகலப்படுத்தப்போகிறார்கள் என்று யாரோ அளந்துவிட்டு, வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நேற்று அவள் பேசிக்கொண்டே இருந்தவள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். கை வாய்க்குப் போனது. ஒச்சப்பன் எழுந்தான், சக்கரத்தடியில் கட்டையை ஒரு முறை காலால் உதைத்துப் பார்த்தான், மகளிடம் போய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான். அவன் முகத்தில் பயம் அப்படியேதான் இருந்தது.

"தேஞ்சா தேயட்டும் தாயி," என்றான். "நீ பேசு."